பதினெட்டுக் கிலோ வெளிச்சம்

புறாமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்த ஆறேழு வருஷமும் அங்கே தவறாமல் வேலைக்கு வந்தவை வௌவால்கள் மட்டும்தான். பிறகு கொழும்பில் ஒரு சபை கூடியது. நாட்டுக்குச் சூரிய சக்தி வேண்டும், சூரிய சக்திக்கு நனோப்பொருள் வேண்டும், நனோப்பொருளுக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்று அது தீர்மானித்தது. கட்டடம் புறாமலையில் சும்மா இருந்தது. வருஷத்தில் பாதி மழையும் மீதி மூடுபனியுமாக இருக்கும் அந்த மலையில் சூரியனுக்கு என்ன வேலை என்று சபையில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் நீண்டுவிடும், சாப்பாடு ஆறிவிடும்.

டிக்கோயாவில் பஸ் ஏறி, இறங்கி, மூச்சு வாங்க மேலே நடந்தால் வரும் அந்தத் தகரக் கட்டடத்துக்கு 'மலைநாட்டு நனோப்பொருள் உற்பத்தி, அபிவிருத்தி, மேம்பாட்டு மையம்' என்று பலகை மாட்டினார்கள். அபிவிருத்திக்கும் மேம்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பலகை எழுதியவர் கேட்டாராம். பலகையை நீளமாக வாங்கிவிட்டோம், எப்படியாவது நிரப்பு என்றார்களாம்.

பணிப்பாளரைத் தெரிவு செய்ததும் முறைப்படிதான். இதுவரை நீங்கள் உற்பத்தி செய்த மிகச் சிறிய துகள் எது என்று நேர்முகப் பரீட்சையில் கேட்டார்கள். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் ஏதோ மங்கலான படம் காட்டினார். இன்னொரு கலாநிதி, அது கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி அப்போதே தோற்றுப் போனார். மூன்றாவதாக வந்தவர் றொனால்ட் வியாகுலம். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் காலமெல்லாம் தேயிலைத் தூள் தயாரிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்து வைத்து, "டஸ்ட் நம்பர் வன்," என்றார். கண்ணால் பார்க்க முடிந்தது. ஊற்றிக் குடிக்கவும் முடிந்தது. சபை ஏகமனதாக அவரைத் தெரிவு செய்தது.

அந்த மையத்துக்குத்தான் ஜீவராணி உதவி விஞ்ஞானியாக வந்து சேர்ந்தாள். தொழிற்சாலைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்துப் பிள்ளை. இரசாயனத்தில் பட்டம் வாங்கியவள். தேயிலைச் சாற்றில் உலோக உப்பைக் கலந்து பக்குவமாகச் சூடாக்கினால், குறைகடத்தி நுண்துகள்கள் தாமாகத் திரண்டு நீரில் மிதக்கும். சின்னதாக இருக்கும்போது நீலமாக ஒளிரும், கொஞ்சம் வளர்ந்தால் பச்சை, இன்னும் வளர்ந்தால் சிவப்பு. வளர விட்டுக்கொண்டே போனால் ஒளி மங்கி வெறும் தூளாகிவிடும். கண்ணாடியில் பூசினால் சூரிய ஒளியைப் பிடிக்கும், மின்சாரம் கொடுத்தால் ஒளியைத் தரும். அம்மா கொழுந்து பறிக்கிற மலையிலிருந்தே வெளிச்சம் எடுக்கலாம் என்பது அவளை ஆட்டிப் படைத்தது. நல்ல ஆசைதான். ஆசைப்பட்டவர்களைத்தான் இந்த மாதிரி இடங்கள் முதலில் பிடித்துக்கொள்கின்றன.

முதல் நாள் காலையே, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற மாதிரி, பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கு எதற்குப் பெரட்டு என்று அவளும், மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்த மற்ற உதவி விஞ்ஞானி சுதர்ஷினியும் முழித்தார்கள். பணிப்பாளர் படியில் ஏறி நின்று உரையாற்றினார்.

"நனோ நனோன்னு சும்மா பயப்படாதீங்க. நனோன்னா தூள். தூள் செய்றது எனக்குப் பழகின வேல. செவத்துல பழைய சட்டம் எழுதியிருக்கு பாருங்க. ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ. அதக் கொடுத்தா முழுப்பேர், முழு நாள் சம்பளம். கொறஞ்சா அரைப்பேர். நூறு முழுப்பேர் போட்டாத்தான் இங்கருந்து விடுவிப்பு. அது வரைக்கும் நீங்க எங்க புள்ளைங்க, நாங்க ஒங்கள விட மாட்டோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜீவராணியும் தட்டினாள். அன்பாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்தாள்.

அன்று பின்னேரம், விரல் நீளக் கண்ணாடிப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தராசடிக்குப் போனாள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த கஜேந்திரன்தான் இங்கேயும் நிறுப்பவர். தராசும் கொழுந்து நிறுத்த அதே தொங்கு தராசு.

"எங்க புள்ள சாமான்?"

"இதாங்க."

"இது போத்தலு. உள்ளுக்கு?"

"உள்ளுக்குத்தாங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

கொழுந்து குறைவதற்குக் கஜேந்திரன் கேட்காத சாக்கு இல்லை. அட்டை கடித்தது, குளவி கொட்டியது, வயிற்று வலி, மாமியார் சாவு, எல்லாம் கேட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னவள் இவள்தான் முதல். போத்தலைக் கொக்கியில் மாட்டினார். முள் அசையவில்லை. தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு சட்டப்படி கூடைக்கு ஒரு கிலோவும் ஈரத்துக்கு ஒரு கிலோவும் கழித்தார்.

"இன்னிக்கி ஒனக்கு மைனஸ் ரெண்டு. நாளைக்கி இருபது கொண்டாந்தாத்தான் சரியா வரும்."

"ஐயா, உலகத்துல யாருமே இத கிலோக்கணக்குல செய்றதில்லீங்க."

"ஒலகம் வேற டிவிசன் புள்ள. இது நம்ம டிவிசன்."

மாதங்கள் ஓடின. அரைப்பேர் கூட அவளுக்கு விழவில்லை. தினமும் கழித்த இரண்டு கிலோ சேர்ந்து சேர்ந்து, அவள் மையத்துக்கு வந்ததிலிருந்து நாட்டின் நனோப்பொருள் உற்பத்தி குறைந்திருப்பதாகக் கணக்குக் காட்டியது. பணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். அறையில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அது கொதிக்கும்போது ஆய்வுகூடத்தில் அடுப்பு அணைந்துவிடும். சூரிய சக்தி மையத்தின் மின்சாரம் இரண்டையும் தாங்காது.

"ஜீவராணி, நீங்க படிச்ச புள்ள. ஒண்ணு கேக்குறேன். தேயிலக் கன்டு சின்னதா இருந்தா வளக்குறோமா, இல்லையா?"

"வளக்குறோம் சேர்."

"கோழிக்குஞ்சு?"

"வளக்குறோம் சேர்."

"அப்ப நனோவ மட்டும் ஏன் வளர விடாம வச்சிருக்கீங்க?"

"வளந்தா ஒளி போயிரும் சேர். சின்னதா இருக்கிறதுதான் அதோட குணமே."

பணிப்பாளர் இரக்கத்தோடு சிரித்தார். "ஒளி கெடக்கட்டும். ஒளிய எந்தத் தராசுல நிறுக்கிறது, சொல்லுங்க பாப்போம்?"

 அவள் ஒளியை அளக்கிற கருவியின் பெயரைச் சொன்னாள். அது வாங்கிய பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை என்றும், பிரித்தால் பழுதாகிவிடும் என்றும், பழுதானால் தன் தலை போய்விடும் என்றும் அவர் விளக்கினார்.

அந்தச் சித்திரையில்தான் பேராதனையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இதே துறையில் ஆய்வு நடத்தும் பேராசிரியை ஒருவர், அவள் ஒரு மகாநாட்டில் காட்டிய சின்ன வேலையைப் பார்த்துவிட்டு, உயர்பட்ட ஆய்வு மாணவியாக வரச் சொல்லியிருந்தார். ஒக்டோபர் முதலாந் திகதிக்குள் சேர வேண்டும். அரசாங்க வேலையிலிருந்து விடுவிப்பு இல்லாமல் சேர முடியாது. விடுவிப்புக்கு நூறு முழுப்பேர் வேண்டும். அவள் கையில் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அம்மா நாகலெட்சுமி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் விசாரித்தாள்.

"ஒன் சாமான் தண்ணியிலயா இருக்கு?"

"ஆமாம்மா. தண்ணியிலதான் மெதக்கும்."

"பெறகு ஏன் தண்ணிய விட்டுட்டு நிறுக்கிற?"

"தண்ணி தண்ணிதானம்மா."

"அடி போடி. மழையில நனஞ்ச கொழுந்தக் கொண்டு போனா ஈரத்துக்குன்னு ஒரு கிலோ கழிக்கிறாங்கள்ல? கழிச்சிட்டாங்கன்னா அதுக்கு மேல ஈரம்னு ஒண்ணு கெடையாது. மிச்சம் பூராக் கொழுந்துதான். எங்க வயித்துல அடிக்கிறதுக்குன்னே வச்ச சட்டம் அது. ஒனக்காவது ஒதவட்டும்."

ஜீவராணிக்குக் கூச்சமாக இருந்தது. படித்த படிப்பு முழுக்க எதிர்த்தது. ஆனால் ஒக்டோபர் வந்துகொண்டிருந்தது. மறுநாள் தன் போத்தலை ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, குழாயடியில் பிடித்து நிரப்பி, சுதர்ஷினியும் ஒரு கை கொடுக்க இழுத்துக்கொண்டு போனாள். கஜேந்திரன் கொக்கியில் மாட்டினார். முள் இருபதைத் தொட்டது. கூடைக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. பதினெட்டு.

"இப்பதான் புள்ள வேலக்காரியா இருக்க," என்றார் அவர், மனம் நிறைந்து. "முழுப்பேர்!"

அவளை அறியாமல் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோதுகூட அப்படியொரு நிம்மதி வரவில்லை. அது வந்ததே என்று அன்று முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை சுதர்ஷினியும் கேன் தூக்கினாள். கேன்களை ஊற்றி வைக்கப் பீப்பாய்கள் வந்தன. முன்பு கொழுந்து வாட்டிய மாடி நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, கடைசியில் முற்றத்தில் வரிசையாக அடுக்கினார்கள். இடம் போதாமல் ஆய்வுகூடத்து மேசைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அங்கேயும் பீப்பாய் வைத்தார்கள். இதனால் ஆய்வு நின்றது, உற்பத்தி மும்மடங்கானது. கொழும்புச் சபை பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பக்கத்து நாடுகள் இன்னும் மில்லிகிராமில் தட்டுத்தடுமாறிக் கொண்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்தது.

ஆவணியில் கொழும்பிலிருந்து பிரதம அதிதி ஒருவர் வந்தார். மேளம், மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நாங்கள் பொறுப்பேற்றபோது இந்த நனோ கண்ணுக்கே தெரியவில்லை. பூதக்கண்ணாடி கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நிர்வாகம் கொடுத்தேன். இன்று உங்கள் கண்முன்னே பீப்பாய் பீப்பாயாக நிற்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய நனோ எங்களுடையதுதான் என்று அடித்துச் சொல்வேன்."

பிரதம அதிதி எழுந்தார். "எனக்கு விஞ்ஞானம் தெரியாது. அதனால்தான் என்னை இந்தத் துறைக்குப் பொறுப்பாக விட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் கேள்வி கேட்பார்கள், வேலை நடக்காது," என்று தொடங்கி நீண்ட நேரம் பேசினார். முடிவில், இது ஒளிருமாமே, எங்கே காட்டுங்கள் என்றார்.

ஒரு கணம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜீவராணி மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் போத்தலை எடுத்தாள். மேசை இல்லாமல், நேரம் இல்லாமல், கேத்தில் கொதிக்காத இடைவெளிகளில் மூலையில் குந்தியிருந்து செய்தது. தண்ணீர் கலக்காதது. ஊதாக் கடந்த ஒளி விளக்கை அதன் மேல் பிடித்தாள். போத்தல் பச்சையாக எரிந்தது. மழைக்குப் பிறகு வெயில் பட்ட கொழுந்து மாதிரி அவ்வளவு சுத்தமான பச்சை. மேளக்காரர்கூட மேளத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.  இதற்குத்தானே வந்தோம் என்று நினைத்தாள்.

"வடிவா இருக்கு. இது எத்தன கிலோ?" என்று கேட்டார் பிரதம அதிதி.

"கிலோ இல்லீங்க சேர். கொஞ்சந்தான்."

"அப்ப ஏன் இதக் காட்டுறீங்க? பெரிசக் காட்டுங்க."

பணிப்பாளர் அவசரமாக விளக்கை அணைத்தார். போத்தலை வாங்கிக் கஜேந்திரனிடம் கொடுத்தார். கஜேந்திரன் அதை ஒரு பீப்பாய்க்குள் ஊற்றிவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். எதையும் வீணாக்காத மனிதர். பிறகு எல்லோரும் பீப்பாய்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

புரட்டாசி பிறந்த கையோடு ஜீவராணியின் நூறாவது முழுப்பேரும் விழுந்தது. குளித்து, கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்கு வந்தாள்.

"போயிட்டு வாங்க. ரொம்ப சந்தோஷம்," என்றார் அவர். "சாமானக் கையளிச்சிட்டுப் போகணும், அவ்வளவுதான். கொழும்புலருந்து ஆள் வந்து மூடியத் தொறந்து பாத்து எடுப்பாங்க."

 ஜீவராணி கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "சேர், அது தண்ணி. ஒரு பீப்பாய்க்கு ஒரு சொட்டு நனோ இருந்தாலே பெரிசு. மத்ததெல்லாம் குழாய்த்தண்ணி."

ஏசுவார், பொலிசுக்குச் சொல்வார் என்று காத்திருந்தாள். பணிப்பாளர் எழுந்து கேத்திலை அணைத்தார். அவர் அதை அணைத்து அவள் பார்த்ததே இல்லை.

"தெரியும்," என்றார்.

"சேர்?"

"நாப்பது வருஷம் டீமேக்கர் நான். தண்ணி எது, சாமான் எதுன்னு எனக்குத் தெரியாதா? கஜேந்திரனுக்கும் தெரியும். கொழும்புலயும் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆனா பிரதம அதிதி மேடையில சொல்லிட்டாரு, பத்திரிகையில வந்திருச்சு. இனிமே அது தண்ணியாக முடியாது. இங்க பாருங்க மகள். நீங்க இருக்கிற வரைக்கும் அது நனோ. நீங்க போயி, இன்னொருத்தன் வந்து மூடியத் தொறந்தா அது தண்ணி. தண்ணின்னா யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. நூறு முழுப்பேரு யாரு பேர்ல இருக்கு?"

 செவிட்டில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் கெட்டவராக இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உண்மையிலேயே அவளுக்காகக் கவலைப்படுகிற முகம். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

நாலு நாள் கழித்துப் பணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்தது. உற்பத்திச் சாதனைக்காகக் கொழும்புச் சபைக்கே எடுத்துக்கொண்டார்கள். அவரை விடுவிக்க ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது. கையிருப்பைப் பொறுப்பேற்க ஒருவர் கையெழுத்து வைத்தால் சரி. ஜீவராணியைக் கூப்பிட்டார்.

"நீங்க பொறுப்பெடுங்க. மூடி தொறக்க வேண்டிய அவசியமே வராது. ஒங்க விடுவிப்பு விண்ணப்பத்துக்கு நான் சிபாரிசு எழுதி, கையோட கொழும்புக்குக் கொண்டு போறேன். என்னோட கடைசி வேல இது. சத்தியமா."

சத்தியம் செய்தபடியே எழுதினார், கொண்டும் போனார். அவள் கையெழுத்து வைத்தாள். பிரியாவிடையில் அவர் கண்கலங்கி, "இந்த மையத்தை ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கிறேன்" என்றார். லயமே கைதட்டியது. நாகலெட்சுமி அன்று மலைக்குப் போகாமல் சக்கரைப் பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தாள். மகள் தொரை மாதிரி ஆகிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜீவராணி மட்டும் திகதியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் முடியப் போகிற நேரத்தில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அவளுடைய விடுவிப்புக்குச் சபைக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. ஆனால் விடுவிப்பது மையத்தின் பொறுப்பதிகாரியின் அதிகாரம். பொறுப்பதிகாரி தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ள விதிகளில் இடமில்லை. ஆகவே முதலில் கையிருப்பை வேறொரு தகுதியான உத்தியோகத்தரிடம் கையளித்துவிட்டு, அவர் மூலமாக விண்ணப்பிக்கவும்.

தகுதியான உத்தியோகத்தர் மையத்தில் ஒருத்திதான் இருந்தாள். சுதர்ஷினி.

கூப்பிட்டதும் சுதர்ஷினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கையெழுத்தாக்கா? எங்க வைக்கணும்?" என்று எதையும் வாசிக்காமலே பேனையைத் திறந்தாள். ஜீவராணி சொல்ல வேண்டியது ஒரேயொரு வார்த்தைதான். இங்கே என்று விரலைக் காட்டினால் போதும், நாளைக் காலை பஸ்ஸில் அவள் பேராதனையில் இருப்பாள்.

அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். கேன் தூக்கித் தூக்கி உள்ளங்கை காய்த்திருந்தது. கொழுந்து பறிக்கிற கை மாதிரியே ஆகிவிட்டது. ஜீவராணிக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அந்தக் கடிதத்தை மேசைக்குள் தள்ளிவிட்டு வேறொரு தாளை எடுத்து எழுதினாள். கையெழுத்து வைத்து முத்திரை குத்தினாள்.

"என்னக்கா இது?"

"ஒன் விடுவிப்பு. எனக்கு வேற யார வேணும்னாலும் விட அதிகாரம் இருக்காம். பேராதனைக்குப் போ. என் எடத்துக்கு ஒன்ன எடுக்கச் சொல்லி அங்க உள்ள மெடத்துக்கிட்ட இப்பவே போன்ல பேசிர்றேன். அங்க தராசு சின்னதா இருக்கும், பயப்புடாத."

சுதர்ஷினி தாளை இரண்டு தடவை வாசித்தாள். புரிந்ததும் அழுதாள். "நீங்க எப்பக்கா வருவீங்க?"

"இந்தக் கையிருப்பு வத்தினவொடன வந்துர்றேன். வெயிலடிச்சா வத்திரும். நீ போ, பஸ்ஸு போயிரும்."

அவள் பாதையில் இறங்கி மறையும் வரை ஜீவராணி வாசலில் நின்றாள். மறைந்த பிறகும் கொஞ்சம் நின்றாள். பேராதனை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிறகு தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. பொல்பிட்டியப் பக்கமிருந்து கறுத்து வந்த மழை மலை முழுவதையும் மூடிக்கொண்டு கொட்டியது.

முற்றத்தில் கஜேந்திரன் குடையைப் பிடித்துக்கொண்டு பீப்பாய்களுக்கு நடுவே அங்குமிங்கும் ஓடினார். மூடிகள் பாதி காற்றில் பறந்துவிட்டிருந்தன. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"மெடம்! கையிருப்பு கூடிக்கிட்டே போகுது மெடம்! ஒங்க பேர்லயே எழுதிரவா?"